தார் ரோட்டை விட்டு வெண்பாதைக்கு வாருங்கள்

தென்லண்டனில் ஞாயிறு காலையில் சைக்கிள் எடுக்கும் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும், ஆசை இருந்தும் வாகனங்களுக்குப் பயந்து நிற்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



குரோய்டன், டூட்டிங், சட்டன், நியூ மோல்டன் என்று நம்மவர்கள் கூடிச் சைக்கிள் ஓடும் குழுக்கள் இப்போது பல. இருட்டோடு எழும்பி, ஏழு மணிக்கு முன்னரே வெளிக்கிட்டு, பொக்ஸ் ஹில் ஏறி இறங்கி, பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றிப்போகும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுகிறீர்கள். வேலை, வீடு, ஊர்க் கடமை என்று நாலு பக்கமும் இழுபடும் வாழ்க்கையில் இந்த ஒழுங்கைக் கட்டிக்காப்பது லேசான காரியமில்லை. அந்த ஒழுங்கு உங்களிடம் இருப்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களோடு ஓடும்போது காதில் விழுவது பெரும்பாலும் வாகனங்களைப் பற்றிய பேச்சு. எந்த வளைவில் வான்காரர் உரசிக்கொண்டு போனார், எந்த ஏற்றத்தில் ஹார்ன் அடித்தே ஒருவர் உயிரை வாங்கினார் என்பதுதான். பின்னால் வருகிறவர் "கார், கார்" என்று கத்திக்கொண்டே வருவார். முன்னால் போகிறவர் தோளைச் சுருக்கி ஓரம் கட்டுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்வரை நெஞ்சு ஆறாது. இது வீண் பயமும் இல்லை. பிரித்தானியாவில் சைக்கிளில் போகும்போது உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறப்பது கிராமப்புறச் சாலைகளில். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, ஒரு கார் போக மட்டும் அகலம், ஆனாலும் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 60 மைல். சறே, சசெக்ஸ் ஒழுங்கைகள் பல அப்படித்தான் இருக்கின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது தார் ரோட்டை விட்டுவிட்டு சவுத் டவுன்ஸ் மேட்டின் வெண்பாதைகளுக்கு வாருங்கள். இதுவரை வீட்டில் விட்டுவந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் வாராவாரம் ஏறும் பொக்ஸ் ஹில்லே ஒரு வெண்சுண்ணக்கல் மலைதான். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சைக்கிள் ஓட்டப் போட்டி அதை ஒன்பது தடவை சுற்றியது. லண்டன்–பிரைட்டன் சவாரியின் கடைசியில் மூச்சை வாங்கும் டிச்லிங் பீக்கனும் அதே கல்தான். இரண்டு மலையிலும் நீங்கள் இதுவரை தொட்டது மேலே போட்ட தாரை மட்டுமே. அடியில் கிடப்பது சோக் என்று நாம் சொல்லும் மெல்லிய வெள்ளைக் கல். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 7 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இந்தப் பகுதி கடலாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ண ஓடுகள் அதன் அடியில் படிந்து படிந்து இந்தக் கல் உண்டானது. பிறகு நிலம் வளைந்து மேலெழுந்தது. வளைவின் நடுமுதுகை மழையும் ஆறும் அரித்துத் தின்றன. வடக்கே நோர்த் டவுன்ஸ், தெற்கே சவுத் டவுன்ஸ் என்று இரண்டு விளிம்புகள் மிஞ்சின. இடையில் கிடப்பது வீல்ட் என்ற பள்ளநாடு.

சைக்கிள்காரருக்கு இதில் முக்கியமானது தண்ணீர். இந்தக் கல் மழையைக் குடித்துவிடும். மேட்டின் உச்சியில் ஓடையும் இல்லை, சேற்றுக் குட்டையும் மிகக் குறைவு. பிரைட்டன் நகரம் குடிக்கும் தண்ணீரே இந்த மலை குடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான். கீழே வீல்ட் களிமண்ணில் குளிர்காலத்தில் வண்டிச் சில்லு அச்சுவரை புதையும். பதினெட்டாம் நூற்றாண்டில் சசெக்ஸ் சேற்று ரோடுகள் நாடறிந்த அவப்பெயர் எடுத்திருந்தன. மேலே முதுகு காய்ந்து கிடந்ததால் ஆட்டிடையரும் வியாபாரிகளும் மேட்டு வழியே நடந்தார்கள். அவர்கள் காலும் கால்நடைகளின் குளம்பும் போட்ட தடங்கள்தான் இன்றைக்கும் நமக்குப் பாதை. வடக்குப் பக்கம் சுவராக எழும்பும். தெற்குப் பக்கம் கடலை நோக்கி மெல்லச் சரியும். ஒரு தடவை மூச்சு வாங்கி மேலே வந்துவிட்டால், பிறகு மேடும் பள்ளமுமாக மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர் பலருக்கும் மனதில் இருக்கும் தடை இதுதான்: யாரோ ஒரு தோட்டக்காரரின் காணி, நாம் போய் நின்றால் கேள்வி வரும் என்ற கூச்சம். காணி தனியாருடையது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதன் குறுக்கே போகும் வழி பொதுமக்களுடையது. 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று உரிமை கொடுத்தது. அதே பிரிவு ஒரு கடமையையும் வைத்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழி விட வேண்டும். யாருடைய அனுமதிக் கடிதமும் தேவையில்லை. குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை.

வேலிக்கட்டையில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரைப் பாதை, சைக்கிள் போகலாம். ஊதாவும் சிவப்பும் பைவே என்ற பழைய வண்டிப் பாதைகள். அவற்றிலும் போகலாம், ஆனால் சிவப்பில் சில நேரம் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் வரும். ஓர்ட்னன்ஸ் சர்வேயின் 25,000க்கு ஒன்று என்ற அளவு வரைபடத்தில் பச்சைக் கோடு நீளநீளமாக விட்டுவிட்டு வந்தால் அது குதிரைப் பாதை; குட்டைக் குட்டையாக வந்தால் நடைவழி. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் தென்இங்கிலாந்து முழுவதும் உங்களுக்குத் திறக்கும்.

முழுவதும் என்றேன், அப்படியும் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு ஆறாத மனக்குறை. இங்கிலாந்தின் பொதுவழிகளில் சைக்கிளுக்குத் திறந்திருப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மிச்சம் எல்லாம் நடைவழி. எது குதிரைப் பாதை, எது நடைவழி என்பதைப் பாதையின் அகலமோ உறுதியோ தீர்மானிக்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் அதிகாரபூர்வ வழி வரைபடம் வரைந்தபோது, அந்தந்த ஊர்ச் சபை எப்படிப் பதிந்ததோ அதுவே விதியானது. ஊர் எல்லையில் ஒரு வேலியைத் தாண்டியதும் அதே அகலமான தடம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் இடங்களை நான் கண்டிருக்கிறேன். பொக்ஸ் ஹில் கிடக்கும் நோர்த் டவுன்ஸில் 1978இல் திறந்த தேசிய நெடும்பாதை பெரும்பாலும் நடப்பவர்களுக்கு மட்டும். தெற்கே அதே கல், அதே மேடு. அங்கே 1972இல் திறந்த சவுத் டவுன்ஸ் வே குதிரைப் பாதையாகவே அமைந்தது. இன்று அது வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்பர்ன் வரை 160 கி.மீ. நீளம், முழுத் தூரமும் சைக்கிளில் போகலாம். செவன் சிஸ்டர்ஸ் பாறை விளிம்பு வழியாகப் போகும் கடலோரக் கிளை மட்டும் நடப்பவர்களுக்கு. சைக்கிள் அல்ஃப்ரிஸ்டன், ஜெவிங்டன் வழியே உள்ளே போக வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்கவும் சைக்கிள் ஓடவும் உரிமை கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்னும் ஒவ்வொரு பாதையாகப் பழைய வரைபடங்களையும் பதிவேடுகளையும் தோண்டி எடுத்து, இது முன்னர் குதிரைப் பாதைதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற குதிரைக்காரரும் சைக்கிள்காரரும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 2026 என்று ஒரு கடைசித் திகதி வைத்தது; அது பிறகு 2031க்குத் தள்ளிப்போனது; 2024 டிசம்பரில் அந்தக் காலக்கெடுவையே எடுத்துவிடப்போவதாக அரசு அறிவித்தது. நம் குழுக்களில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், நில அளவையாளர்கள் இருக்கிறீர்கள், பழைய ஆவணம் படிக்கப் பொறுமை உள்ளவர்களும் இருக்கிறீர்கள். இரண்டொருவராவது அந்த வேலைக்குக் கை கொடுத்தால் நல்லது. நம் ஊர்க் கோயில் காணி உறுதிகளைத் தேடி எடுத்த அனுபவம் இங்கே வீணாகாது.

இனிச் சைக்கிள். புதிதாக வாங்க ஓடாதீர்கள். கிறவல் சைக்கிள் என்று கடையில் விற்பது, பந்தயச் சைக்கிளின் வளைந்த கைப்பிடியும் அகலமான டயரும் நல்ல டிஸ்க் பிரேக்கும் சேர்ந்த ஒன்று. கராஜில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய மவுண்டன் சைக்கிளே இந்த மேட்டுக்குப் போதும். செங்குத்தான இறக்கங்களில் அதுதான் உங்களைத் தாங்கும். ஏற்கனவே கிறவல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். 45 இடம் கொடுத்தால் இன்னும் நல்லது. காற்றைக் குறையுங்கள். ரோட்டுப் பழக்கத்தில் கல்லாக இறுக்கி அடித்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் இறக்கத்திலேயே கை மரத்து நிற்பார்கள். எழுபது கிலோ ஆளுக்கு முப்பதிலிருந்து நாற்பது பிஎஸ்ஐக்குள் வைத்துப் பாருங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை சிக்கிமுக்கிக்கல் பற்றியது. வெண்சுண்ணக்கல்லுக்குள் வரிவரியாக அது விளைந்திருக்கிறது. அந்தக் கல் உண்டான கடலில் வாழ்ந்த கடற்பஞ்சுகளின் சிலிக்காவே அதற்கு மூலம். வெளித்தோல் வெள்ளை, உடைந்த முகம் கறுத்துப் பளபளப்பு, விளிம்போ கத்தி. கற்கால மனிதர் அதில்தான் கோடரி செய்தார்கள். டிராக்டர் சில்லு ஏறி உடைத்த புதுத் துண்டுகள் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கும். மழை பெய்த மறுநாள் அவை இன்னும் மோசம், ஏனென்றால் நனைந்த ரப்பரைக் கூரான விளிம்பு எளிதாக வெட்டும். ட்யூப்லெஸ் டயரில் ஊற்றிய திரவம் முள் குத்திய ஓட்டையை அடைக்கும். டயரின் பக்கச் சுவரில் அரை அங்குல வெட்டு விழுந்தால் அடைக்காது. அப்படி வெட்டு விழுந்தால் டயரைக் கழற்றி, உள்பக்கம் துடைத்து, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு விரல் அகலத் துண்டை வெட்டின்மேல் வைத்து, உதிரி டியூப் போட்டு, பாதிக் காற்றில் நிறுத்திப் பாருங்கள். வெட்டின் வழியே துண்டு பிதுங்காமல் இருந்தால் மிச்சக் காற்றை அடியுங்கள். அந்தத் துண்டும் டியூபும் பம்பும் இல்லாமல் யாரும் மேட்டுக்கு ஏற வேண்டாம். மேலே கடை இல்லை. ரயில் நிலையம் சில நேரம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி.

அடுத்தது ஈரம். காய்ந்த வெண்பாதை டயரைக் கெட்டியாகப் பிடிக்கும். மழைக்குப் பிறகு அதன் மேற்பரப்பு மட்டும் குழைந்து, சவர்க்காரம் தேய்த்த சீமெந்துத் தரையாகிவிடும். வளைவுக்குள் போய் முன் பிரேக்கைத் தொட்டால் விழுவது உறுதி. வளைவுக்கு முன்னரே வேகத்தை முடித்துவிடுங்கள், வளைவுக்குள் கையைத் தளர்த்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கி நடவுங்கள்; புல் ஓரத்தில் கால் வைத்தால் வழுக்காது. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கழுவுங்கள். அந்த வெள்ளைக் குழம்பு காய்ந்து இறுகினால் செயினையும் பிரேக் பட்டையையும் தின்றுவிடும். நவம்பரிலிருந்து மார்ச்வரை செங்குத்தான பாதைகளைத் தவிர்க்கச் சொல்வேன். நமக்கு விழும் அடி ஒரு பக்கம்; நனைந்த மண்ணில் நாம் கீறும் தடத்தில் மழைநீர் ஓடி வாய்க்காலாக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழி ஹாசொக்ஸிலிருந்து சவுத்தீஸ்வரை, ஏறக்குறைய 25 கி.மீ. கிழக்குக் குரோய்டனில் பிரைட்டன் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஹாசொக்ஸ். வார இறுதியில் சைக்கிளை ஏற்றலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் சைக்கிளுக்கு இடம் கிடைக்காது. நிலையத்திலிருந்து கிளேட்டன் ஊர்வரை சிறு தூரம் ரோட்டில்தான் போக வேண்டும். பிள்ளைகளை நடுவில் விட்டு இரண்டு பெரியவர்கள் முன்னும் பின்னும் போங்கள்.

கிளேட்டனில் பிரைட்டன் ரயில் மலைக்குள் நுழைகிறது. 1841இல் திறந்த அந்தச் சுரங்கத்தின் வடக்கு வாசலைக் கோட்டை வாசலாகக் கட்டியிருக்கிறார்கள், கோபுரங்களோடு. நீங்கள் அந்த மலையின் மேலே ஏற வேண்டும். குதிரைப் பாதை செங்குத்து; தள்ளிக்கொண்டு ஏறுவதில் வெட்கம் எதுவும் வேண்டாம். உச்சியில் ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகள் நிற்கின்றன. வெள்ளை மரத்தாலான ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டப்பட்டு, 1852இல் மாடுகள் பூட்டி இந்த மேட்டுக்கு இழுத்து வரப்பட்டது. மாடுகள் இழுத்த அந்தச் சுமையை நினைத்துக்கொண்டால் நம் சைக்கிளைத் தள்ள அலுப்பு வராது.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பாதை டிச்லிங் பீக்கனுக்கு ஏறும், 248 மீட்டர். நீங்கள் தாரில் திணறி ஏறிய அதே இடத்தைப் பக்கவாட்டிலிருந்து வந்து சேர்வீர்கள். அங்கே ஒரு ரோட்டைக் கவனமாகக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் வலது பக்கம் கடல், இடது பக்கம் வீல்ட், தெளிந்த நாளில் தொலைவில் நோர்த் டவுன்ஸின் கோடு. கடலில் தெரியும் காற்றாலைத் தொகுதிக்கு ரம்பியன் என்று பெயர். 116 ஆலைகள், 2018 முதல் மின்சாரம் தருகின்றன. ரம்பியன் என்பது நீங்கள் நிற்கும் இந்தப் புல்வெளியில் பூக்கும் ஊதா மலரின் பெயர், சசெக்ஸ் மாவட்டத்தின் மலர். ஜூலையில் வந்தால் பாதையோரம் குனிந்து தேடுங்கள். செம்மறி மேய்ந்து கட்டையாக வைத்திருக்கும் இந்தப் புல்தரையில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள்வரை இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு விளைவிக்க இதில் பெரும்பகுதியை உழுதுவிட்டார்கள். மிஞ்சியிருப்பது துண்டு துண்டாகத்தான். தடத்தை விட்டுப் புல்லில் ஏறாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காக. வானம்பாடியும் தரையில்தான் கூடு கட்டும்.

வழியில் வரும் படலைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தாழ்ப்பாளிலிருந்து நீண்ட இரும்புக் கைப்பிடி ஒன்று நெஞ்சு உயரத்துக்கு மேலெழுந்து நிற்கும். குதிரையில் இருப்பவர் இறங்காமல் திறக்க அப்படிச் செய்தது. சைக்கிளில் இருந்தபடியே ஒரு கையால் இழுத்து, தோளால் தள்ளி உள்ளே போகலாம். கடைசியில் வருகிறவர் அது பூட்டிக்கொண்டதா என்று கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு செம்மறி ரோட்டுக்குப் போனால் பழி சைக்கிள்காரர் எல்லார் தலையிலும் விழும். குதிரையைக் கண்டால் தூரத்திலேயே "ஹலோ" என்று குரல் கொடுங்கள். குதிரைக்கு மனிதக் குரல் தெரியும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சில்லுதான் அதை மிரளவைக்கும். கன்றுகளோடு பசு நின்றால் இறங்கி, தள்ளிச் சுற்றிப் போங்கள்.

பீக்கனுக்குக் கிழக்கே பாதை தெற்காகத் திரும்பி நீண்டு இறங்கி, ஹவுஸ்டீன் பண்ணை அருகே ஏ27 நெடுஞ்சாலையைப் பாலத்தால் கடக்கிறது. இரண்டாவது பெரிய ஏற்றம் அங்கே தொடங்கும். அதை முடித்தால் கிங்ஸ்டன் மேடு. பிறகு சவுத்தீஸ்வரை பெரும்பாலும் ஓட்டம்தான். மேட்டில் தண்ணீர் கிடையாது என்று சொன்னேன், ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டுவாருங்கள். நெடும்பாதையில் இடையிடையே குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள், சவுத்தீஸிலும் உண்டு. அந்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் வட்டமானது. சசெக்ஸில் அப்படி மூன்றுதான். ஊஸ் ஆற்றைக் கடந்தால் சவுத்தீஸ் ரயில் நிலையம். லூயிஸில் மாறினால் வீடு. பின்னர் மேற்குப் பக்கம் போகும் நாளில் வாஷிங்டன் ஊரருகே ஏ24 இரட்டை வழிச் சாலையை நேரே கடக்காதீர்கள். ஊருக்குள்ளால் பாலத்தில் போகும் மாற்றுப் பாதை இருக்கிறது, அதையே எடுங்கள்.

ஜாக், ஜில் காற்றாலைகளிலிருந்து கிழக்கே போகாமல் தெற்கே குதிரைப் பாதையில் சில கிலோமீட்டர் இறங்கினால் சத்ரி என்ற நினைவிடம் வரும். முதல் உலகப் போரில் காயப்பட்ட இந்திய வீரர்களைப் பிரைட்டனுக்குக் கொண்டுவந்து, ராயல் பவிலியன் அரண்மனையையே வைத்தியசாலையாக்கி வைத்தியம் பார்த்தார்கள். பிரைட்டனில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை இந்த மேட்டில்தான் எரித்தார்கள். எரித்த இடத்தில் வெள்ளைப் பளிங்குக் குடைமண்டபம் எழுப்பி, 1921 பெப்ரவரி 1இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். 2010இல் அந்த 53 பெயர்களையும் பொறித்த கல் பக்கத்தில் வைக்கப்பட்டது. அங்கே ரோடு கிடையாது. நடந்தோ குதிரையிலோ சைக்கிளிலோதான் போகலாம். போய்ப் பெயர்களை வாசியுங்கள். இந்த நினைவிடம் இருப்பதால்தான் நமக்கு இந்த மேட்டில் இடம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டாலும் உண்டு. பொதுவழிச் சட்டம் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. ஆனால் தென்னாசியர் யாருமே இல்லாத இங்கிலாந்து ஒன்று எங்கோ கிராமப்புறத்தில் இருக்கிறது என்று நினைத்து ஒதுங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைக் காட்டுவது நல்லது.

அக்காமாருக்குத் தனியாகச் சில வார்த்தை. யாழ்ப்பாணத்தில் கிறவல் ஒழுங்கைகளில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் சைக்கிளில் ஓடியவர்கள் நீங்கள். பின்னால் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு, மழை வெள்ளத்திலும் ஓடியிருக்கிறீர்கள். இங்கே வந்த பிறகு சைக்கிளைத் தொடவில்லை. உங்களுக்கு ஓடத் தெரியாது என்று பிள்ளைகள் நினைக்கும் அளவுக்கு விட்டுவிட்டீர்கள். உங்களைத் தடுத்தது வயதும் இல்லை, உடம்பும் இல்லை. லண்டன் ரோட்டின் கார்கள்தான். அவை இல்லாத இடம் முக்கால் மணி ரயில் தூரத்தில் இருக்கும்போது, அண்ணாமார் மட்டும் போய் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மின்சைக்கிள் இருக்கிறது. 250 வாட், மணிக்கு 15.5 மைலுக்கு மேல் மோட்டார் உதவாது என்ற வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி அதுவும் சாதாரணச் சைக்கிள்தான். குதிரைப் பாதையில் தாராளமாகப் போகலாம். வாடகைக்கும் கிடைக்கும்.

ஏற்றமே வேண்டாம், முதலில் கை பழகட்டும் என்பவர்கள் டவுன்ஸ் லிங்கில் தொடங்குங்கள். 1960களில் மூடிய ரயில் பாதைகளின் மீது, கில்ட்ஃபர்ட் பக்கத்து செயின்ட் மார்த்தா மலையிலிருந்து ஷோரம் கடற்கரைவரை 59 கி.மீ. ஓடும் வழி அது. ரயில் ஓடிய பாதை என்பதால் பெரும்பகுதி சமதளம். சின்னப் பிள்ளைகளும் ஓடலாம். தெற்கு முனைக்குக் கிட்ட பொட்டல்ஃப்ஸில் அது சவுத் டவுன்ஸ் வேயைச் சந்திக்கிறது. அங்கே நின்று மேலே பார்த்துவிட்டு அடுத்த தடவைக்கு முடிவெடுக்கலாம்.

குழுத் தலைவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேட்டுப் பயணத்தில் வேகக் கணக்குப் பார்க்காதீர்கள். ரோட்டில் மணிக்கு 28 கி.மீ. ஓடுகிறவர் இங்கே 14 ஓடுவார். அதுவே நல்ல ஓட்டம். ஒவ்வொரு படலையிலும் கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி போதும்.

மே மாதத்து முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிழக்குக் குரோய்டன் நிலையத்தின் பிரதான வாசலில் நிற்பேன். முதல் நாள் நல்ல மழை பெய்திருந்தால் அடுத்த ஞாயிறு. டயர் அகலம் போதுமா என்று சந்தேகம் இருப்பவர்கள் முந்தின வாரமே படம் எடுத்துக் காட்டுங்கள். சைக்கிள் இல்லாத அக்காமார் யார் யார், உயரம் எவ்வளவு என்று குழுத் தலைவர்கள் ஏப்ரல் நடுவுக்குள் சொன்னால், நம்மிடையே சும்மா கிடக்கும் சைக்கிள்களைச் சேர்த்துத் துடைத்து எண்ணெய் விட்டு வைக்கலாம். ஆளுக்கு ஒரு உதிரி டியூப், இரண்டு போத்தல் தண்ணீர், மதியச் சாப்பாடு. புட்டு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்சம் கூடவே கட்டுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருவர்